பதினோராவது வால்வு

சாவியக்காவுக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். யார் வீட்டில் டம்ளரை நீட்டினாலும் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பாள். பேருந்தில் ஏறினால் கம்பியைப் பிடிக்க மாட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தள்ளாடி, பக்கத்தில் நிற்பவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே இறங்க வேண்டிய இடத்துக்கு வந்து சேருவாள். தெருவில் எவனாவது காறித் துப்புவதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு மதியச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்காது. இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்தது, நகராட்சியில் குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடுகிற வேலை.

அவளாகக் கேட்டு வாங்கிய வேலை இல்லை. புருஷன் பார்த்த வேலை. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஐந்து வயது. வாரிசுக்கு வேலை என்று கூப்பிட்டார்கள். ஏதோ கோப்பு எடுத்துக் கொடுக்கிற வேலையாக இருக்கும் என்று இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு போனாள். அவள் மார்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மேலே குறுக்கே கைப்பிடி, கீழே சதுரமாக வாய். தெருமுனைகளில் தரைக்கு அடியில் செங்கல் குழிகள் இருக்கும். இரும்பு மூடியை நெம்பித் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, வால்வின் தலையைக் கவ்வ வைத்துத் திருக வேண்டும். மூடியைத் தூக்கினால் முதலில் கரப்பான் ஓடும். பிறகு நாற்றம் வரும். சில நாள் எலி செத்து மிதக்கும்.

முதல் மாதம் அவள் திருகிய வால்வுகளைவிட வாந்தி எடுத்த இடங்கள் அதிகம். பிறகு தனக்கென்று ஒரு முறையை வகுத்துக்கொண்டாள். கைக்கு இரண்டு உறை, மூக்குக்கு நாலாக மடித்த துணி, மூடியைத் தூக்கியதும் நூறு எண்ணும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது. ஊரே முகத்தை மூடிக்கொண்டு திரிவதற்கு மூன்று வருடம் முன்பிருந்தே மூடிக்கொண்டு திரிந்தவள் அவள். அப்போது சிரித்தவர்கள் பிறகு சிரிக்கவில்லை.

சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து யாரோ சாவியக்கா என்றார்கள், அது ஒட்டிக்கொண்டது. வேலையில் கெட்டி. எந்தத் தெருவில் குழாய் மேடேறுகிறது, எந்த வளைவில் காற்று அடைத்துக்கொள்ளும், எந்த வீட்டுக்காரர் திருட்டு இணைப்பு வைத்திருக்கிறார் எல்லாம் அத்துப்படி. வால்வைத் திறந்துவிட்டு அப்படியே போய்விட மாட்டாள். குழாயின் கடைசி வரைக்கும் நடந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஒரு வாய் குடிப்பாள். "நான் வாயில வைக்காத தண்ணிய ஊருக்கு விட மாட்டேன்" என்று பீற்றிக்கொள்வதும் உண்டு. அருவருப்பு பிடித்தவள் கையில் சாவி இருந்ததால்தான் அந்தப் பகுதியில் தண்ணீர் தண்ணீராக வந்தது என்பது என் அபிப்பிராயம்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு பொய் எழுதினாள்.

தொற்றுக்காக ஊரை மூடிய முதல் நாள் அது. பள்ளிக்கூடம், நூலகம், சந்தை என்று ஆள் வராத இடங்களுக்குப் போகிற பதினோரு குழாய்களையும் அடைத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. அடைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு குழாயின் கடைசியிலும் ஒரு கழிவு வால்வு இருக்கும். அதைத் திறந்து, குழாயில் நிற்கிற தண்ணீரையெல்லாம் சாக்கடையில் வடித்துக் காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நின்ற தண்ணீர் நின்ற இடத்திலேயே அழுகும். சாவியக்கா காலையிலிருந்து பத்து குழாய்களை ஒழுங்காக அடைத்து, ஒழுங்காக வடித்தாள். பதினோராவது பள்ளிக்கூடத்துக் குழாய். மகள் படிக்கிற அதே பள்ளிக்கூடம். தெருமுனை வால்வை அடைத்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்கு நடந்து வந்தாள். அங்கே கழிவு வால்வுக் குழியின் மூடி மேல் ஒரு முகக்கவசம் கிடந்தது.

யாரோ போட்டுவிட்டுப் போனது. ஈரமாக இருந்தது. நடுவில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. காற்றில் வரும், தொட்டால் வரும், பார்த்தாலே வரும் என்று ஊர் முழுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். தெருக்கோடியில் போலீஸ்காரர் "வீட்டுக்குப் போம்மா, வீட்டுக்குப் போ" என்று கத்திக்கொண்டிருந்தார். வீட்டில் மகள் தனியாக இருந்தாள். சாவியக்கா அந்த முகக்கவசத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு குச்சியால் தள்ளிவிட்டிருக்கலாம். குச்சியும் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் குமட்டிக்கொண்டு வந்தது. திரும்பி நடந்தாள். அலுவலகத்துக்கு வந்து, பக்க எண் அச்சடித்த வால்வுப் பதிவேட்டில் மற்ற பத்துக்கும் எழுதிய மாதிரியே பதினோராவதற்கும் எழுதினாள்: "அடைக்கப்பட்டது. காலி செய்யப்பட்டது." கீழே கையெழுத்து. இரண்டு நாளில் போய் வடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் அந்தத் தெருவையே தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். பிறகு வேலைக்கு மேல் வேலை. பிறகு மறந்து போனாள்.

பதிமூன்று மாதம் ஓடியது.

ஊரைத் திரும்பத் திறப்பதற்கு நகராட்சியில் ஒரு குழு போட்டார்கள். மீள்திறப்புத் திட்டக் குழு என்று பெயர். நகராட்சித் தலைவர்தான் குழுவுக்கும் தலைவர். குடிநீர்ப் பிரிவிலிருந்து பொறியாளர் உறுப்பினர். ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்கு இருக்கட்டும் என்று சாவியக்காவையும் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். மூன்று கூட்டம் நின்றாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்கத்தான் இல்லை, பார்ப்பதற்கு நிறைய இருந்தது. சாளரம் எல்லாம் மூடிய அறை. முகக்கவசம் எல்லோரிடமும் இருந்தது, தாடைக்குக் கீழே. ஒருவர் இருமிய கையாலேயே பிஸ்கட் தட்டை அடுத்தவரிடம் தள்ளினார். அறுபத்திரண்டு பக்கத் திட்ட அறிக்கையைத் தலைவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். புரட்டுவதற்கு ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "பொது இடங்களில் எச்சில் துப்புவதைத் தடுத்தல்" என்ற பக்கத்தையும் எச்சில் தொட்டுத்தான் புரட்டினார். அந்த அறிக்கை கை மாறி மேசையைச் சுற்றி வந்தது. சாவியக்காவுக்குச் சுவர் மட்டும் பின்னால் இல்லாவிட்டால் அன்றைக்கே மயங்கி விழுந்திருப்பாள்.

திட்டத்தில் என்னதான் இல்லை! தரையில் வட்டம் வரைய வேண்டும். வட்டத்துக்கு மஞ்சள் நிறமா வெள்ளையா என்று முக்கால் மணி நேரம். பள்ளிக்கூட வாசலில் வரவேற்பு வளைவு. வளைவில் யார் படம் எவ்வளவு பெரிது என்று ஒரு மணி நேரம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோட்டோ எடுத்துக் கைப்பேசி செயலியில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் அந்த வேலைக்கு நேராகப் பச்சை விழும். பச்சை விழுந்தால் முடிந்தது. அவ்வளவுதான். ஃபோட்டோ எடுக்க முடியாத வேலை ஒன்றுகூடப் பட்டியலில் கிடையாது. பூமிக்கு அடியில் கிடக்கிற குழாயை யார் ஃபோட்டோ எடுப்பது?

பள்ளிக்கூட வாசலில் பத்து குழாய் வைத்த கைகழுவும் மேடை ஒன்று கட்டினார்கள். நீல ஓடு பதித்து, தலைவர் பெயரைக் கல்லில் வெட்டி, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. தெருமுனை வால்வு இன்னும் அடைத்தே இருந்ததால் மேடைக்குப் பின்னால் ஒரு டிரம்மை வைத்து, ரப்பர் குழாய் சொருகி, பத்து குழாயிலும் இரண்டு நிமிடம் தண்ணீர் ஓட விட்டு ஃபோட்டோ எடுத்தார்கள். பச்சை விழுந்தது.

திங்கட்கிழமை திறப்பு விழா. வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் விடச் சொல்லிச் சாவியக்காவுக்கு உத்தரவு வந்தது. எதையும் கடைசி நாள் வரைக்கும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை அவள். வியாழக்கிழமை காலையிலேயே சாவியோடு போனாள். தெருமுனை வால்வைத் தொடுமுன் பழக்கத்தில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து கழிவு வால்வுக் குழியைத் தேடினாள். குழியைக் காணவில்லை. அந்த இடத்தில் நீல ஓடு பளபளத்தது.

அப்போதுதான் அந்த முகக்கவசம் ஞாபகம் வந்தது.

தெருமுனைக்கு ஓடி வால்வைக் கால் திருகு மட்டும் திறந்தாள். பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு தெருக்குழாய் உண்டு, அதுவும் இதே குழாயில் இருந்து பிரிவது. அதைத் திறந்து எதிரில் நின்றாள். முதலில் காற்று சீறியது. பிறகு ஏப்பம் விட்டது. பிறகு வந்தது. கறுப்பு. தண்ணீரா சேறா என்று சொல்ல முடியாத வழுவழுப்பு. சாக்கடையை ஒட்டியே போகிற பழைய இரும்புக் குழாய். பதிமூன்று மாதம் ஓட்டமில்லாமல் நின்றதில் விரிசல் வழியாக எதை எதையோ உறிஞ்சி வைத்திருந்தது. நாலாக மடித்த துணியையும் தாண்டி நாற்றம் மூளைக்கு ஏறியது. கறுப்புக்குள் சிவப்பாக நூல் நூலாக ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தாள். புழு.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ குழிகளில் எடுத்திருக்கிறாள். அதெல்லாம் ஊராருடைய அழுக்கு. இது அவளுடையது. அவள் கையால் அடைத்து, அவள் கையால் காலி என்று எழுதியது. வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த குடிதண்ணீரைக் கொட்டிவிட்டு, அந்த பாட்டிலில் கறுப்பைப் பிடித்தாள். வால்வை மறுபடியும் இறுக அடைத்துவிட்டு நேராகப் பொறியாளரிடம் போனாள்.

பொறியாளர் நல்ல மனிதர் என்றுதான் பெயர். யாரையும் கோபித்துக்கொள்ள மாட்டார். யாருக்காகவும் எதுவும் செய்யவும் மாட்டார். பாட்டிலைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது எந்த லைன்மா?"

"ஸ்கூல் லைன் சார். தெருக்குழாய்ல பிடிச்சேன். கழிவு வால்வத் தொறந்து எல்லாத்தையும் வெளிய தள்ளணும். அது மேலதான் மேடை கட்டிட்டாங்க. மேடைய ஒரு ஓரமா உடைச்சாப் போதும்."

"மேடைய உடைக்கிறதா? விளையாடுறீங்களா? அது பச்சை விழுந்த வேலைம்மா." பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். "இங்க பாருங்க. உங்க கையெழுத்துதானே? காலி செய்யப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. காலிக் குழாய்ல எங்கேர்ந்து வரும் இது? தெருக்குழாய்ல யாராவது எதையாவது போட்டிருப்பாங்க."

சாவியக்கா பாட்டிலின் மூடியை இறுக்கினாள். பொய்ப் பதிவு எழுதினால் வேலை போகும். அது எல்லோருக்கும் தெரிந்த விதி. மகள் படிப்பு, வாடகை, நாளைய சோறு எல்லாம் அந்தச் சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மகள் திங்கட்கிழமைக்காகப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஸ்கூல்ல புதுசா பத்து பைப் வச்சிருக்காங்களாமே? டீச்சர் ஃபோன்ல படம் அனுப்பினாங்க. நான்தான் முதல்ல போய்த் தண்ணி குடிப்பேன்."

அன்றைக்குச் சாவியக்கா சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். இந்தத் தடவை சுவரோரம் நிற்கவில்லை. நேராகப் போய் பாட்டிலை மேசை நடுவில், தேநீர்க் கோப்பைகளுக்கும் பிஸ்கட்டுக்கும் இடையில் வைத்தாள். மூடியையும் திறந்தாள். ஒரு வருடமாகத் தாடையில் தொங்கிய முகக்கவசங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்குக்கு ஏறின. யாரோ ஒருவர் கிருமிநாசினியை எடுத்து பாட்டில் மேல் பீய்ச்சினார்.

"என்ன இது அசிங்கம்? யார் இவங்களை உள்ள விட்டது?" என்றார் தலைவர்.

"ஸ்கூல் பிள்ளைங்க திங்கக்கிழமை குடிக்கப் போற தண்ணிங்க ஐயா."

பொறியாளர் எழுந்தார். "பதிவேட்டுல காலின்னு இருக்குங்க ஐயா. நான் இவங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"பதிவேட்டுல இருக்கிறது பொய்" என்றாள் சாவியக்கா. "நான்தான் எழுதினேன். வடிக்கல. குழி மூடி மேல ஒரு மாஸ்க் கிடந்துச்சு. அருவருப்பா இருந்துச்சு, பயமா இருந்துச்சு. வடிக்காமலே வந்து வடிச்சதா எழுதிட்டேன். என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிறேன். மேடைய உடைக்க விடுங்க."

நேற்றிலிருந்து வாயை அடைத்துக்கொண்டிருந்த ஒன்றைக் கக்கிவிட்ட நிம்மதி அவளுக்கு. கத்துவார்கள், வேலையை விட்டுத் தூக்குவார்கள், ஆனால் உடைப்பார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் கத்தவில்லை. தலைவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டார். அறிக்கையைப் புரட்டினார்.

"பக்கம் நாப்பத்தொண்ணு. எல்லாக் குழாயும் முறைப்படி காலி செய்யப்பட்டுள்ளதுன்னு போட்டு, மேலிடத்துக்கு அனுப்பி, அவங்க பாராட்டிக் கடிதமும் போட்டாச்சு. இப்ப வந்து நீ பொய்ன்னு சொன்னா என்ன அர்த்தம்?" கொஞ்சம் யோசித்தார். "நீ பொய் சொல்லல. உனக்கு வேலை பாத்துப் பாத்துக் குழப்பம். ரெண்டு நாள் லீவு எடுத்துக்க. யாராவது அதை மேசைல இருந்து எடுங்கப்பா முதல்ல."

சாவியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய்யை ஒப்புக்கொண்டாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவளுடைய ஒரு வரிப் பொய் மேல் இவர்கள் அறுபத்திரண்டு பக்கத்தைக் கட்டி, ஓடு பதித்து, பெயரும் வெட்டிவிட்டார்கள்.

வெளியே வந்த பொறியாளர் அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், மிகவும் அன்பாகச் சொன்னார்: "ஏம்மா டென்ஷன் ஆகுறீங்க? திறந்து விட்டா ஸ்கூல் தொட்டிக்குப் போகும், நாலஞ்சு நாள்ல தானா தெளிஞ்சிடும். உங்க பொண்ணும் அங்கதானே படிக்குது? அதுக்கு மட்டும் வீட்டுலேர்ந்து ஒரு பாட்டில்ல குடுத்து அனுப்பிடுங்க."

கறுப்புத் தண்ணீரைக் கண்டபோதுகூட அவளுக்கு இப்படிக் குமட்டவில்லை. "தூ" என்று வாய் வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் அவள் தரையில் துப்பியதில்லை. விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை மேடையைக் கட்டிய கொத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். கடப்பாரை கேட்டாள். எதற்கு என்றார். சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"அடியில ஒரு மூடி இருந்துச்சுக்கா. நான் அன்னைக்கே கேட்டேன். 'எழவு மூடிதானே, மேல போட்டுப் பூசு'ன்னாங்க. மூணு நாள் பூசின கை இது." கடப்பாரையை அவரே தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். "வாங்க. நான் வச்ச ஓடு எங்க தட்டினா கழலும்னு எனக்குத்தான் தெரியும்."

பட்டப்பகலில், ஊர் பார்க்க உடைத்தார்கள். தலைவர் பெயர் வெட்டிய கல்லைக் கொத்தனார் மரியாதையாகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். அடியில் இரும்பு மூடி அப்படியே இருந்தது. அதன் மேல் சிமெண்டில் ஒட்டி, பூச்சோடு பூச்சாக ஒரு கந்தல். காது மாட்டுகிற கயிறு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதே முகக்கவசம். அதையும் சேர்த்தே பூசியிருந்தார்கள்.

சாவியக்கா நூறு எண்ணவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. கையால் பிய்த்து எறிந்தாள். மூடியை நெம்பினாள், சாவியை இறக்கி, முழு உடம்பையும் கொடுத்துத் திருகினாள். கழிவு வால்வு முனகிக்கொண்டு திறந்தது. தெருமுனைக்கு ஓடி அந்த வால்வையும் முழுக்கத் திறந்தாள். இருநூறு மீட்டர் குழாயில் பதிமூன்று மாதம் கிடந்தது சாக்கடையில் பாய்ந்தது. சாக்கடையே இதைவிடச் சுத்தம் என்று தோன்றும்படி பாய்ந்தது. தெருவில் சன்னல்கள் படபடவென்று மூடின. வரவேற்பு வளைவின் கால்களுக்கு இடையே நாற்றம் ஊர்வலம் போனது.

யாரோ சொல்லிப் பொறியாளர் வந்தார். எதிர்ப்பக்கம் தூரமாக நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் ஃபோட்டோ எடுத்தார். உடைந்த மேடைக்கு ஆதாரம் எடுக்கிறார் என்று நினைத்தாள். எடுக்கட்டும். கறுப்பு பழுப்பாயிற்று, பழுப்பு கலங்கலாயிற்று. இரண்டரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியாக வந்தது. அப்போதும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போனார். சாவியக்கா அன்றும் மறுநாளும் பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு, நிற்க வைத்து, மறுபடி கழுவினாள். ஞாயிறு மாலை உறையைக் கழற்றி, உள்ளங்கையில் பிடித்து, முகர்ந்து, ஒரு வாய் குடித்தாள். மருந்து வாடை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை விழா நடந்தது. உடைந்த மூலையை ஒரு பதாகையால் மறைத்திருந்தார்கள். சாவியக்காவை அந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் மதியம் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"தண்ணி எப்படி இருந்துச்சுடி?"

"எப்பவும் போலத்தான். கொஞ்சம் மருந்து வாசனை. தலைவர் பேசினாரும்மா. குழாய்க்குள்ள இருந்த அழுக்கையெல்லாம் அவரே நேர்ல நின்னு கழுவி விட்டாராம். பெரிய திரையில படம் காட்டினாங்க. கறுப்பா ஒண்ணு, வெள்ளையா ஒண்ணு. எல்லாரும் கை தட்டினோம்."

"நீயுமா?"

"தட்டலன்னா டீச்சர் முறைப்பாங்களே."

சாவியக்கா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடிக்கும்போது கண்ணில் நீர் நின்றது. அது சிரிப்பால் வந்ததல்ல என்று மகளுக்குக்கூடத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் கிளார்க் அவளைக் கூப்பிட்டாள். இளம்பெண், நல்ல மாதிரி. மேசை மேல் இரண்டு தாள். ஒன்று, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம். மற்றொன்று அதற்கான பதில். பதிலையும் அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். "பதிவேட்டின்படி குழாய் முன்பே காலி செய்யப்பட்டிருந்தது. எனினும், தலைவர் அவர்களின் உத்தரவுப்படி முன்னெச்சரிக்கையாக மீண்டும் கழுவப்பட்டது" என்று இருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"போட்டுடுங்கக்கா. போட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு சார் சொல்லச் சொன்னார். உங்க மேல ஒண்ணும் வராது."

எல்லாம் முடிந்துவிடும். உண்மைதான். பதிமூன்று மாதம் முன்பு அந்த மாலையிலும் ஒரு கையெழுத்தில் எல்லாம் முடிந்துதான் போயிற்று. சாவியக்கா அந்தத் தாளைத் தொடவில்லை.

"வால்வுப் பதிவேட்ட எடு."

கிளார்க் எடுத்துக் கொடுத்தாள். சாவியக்கா பக்கத்தைத் தேடிப் புரட்டினாள்; விரலை நாக்கில் தொடாமல் புரட்டினாள். பதினொன்றாம் வரி. தன்னுடைய குண்டு குண்டான எழுத்து. "காலி செய்யப்பட்டது."

என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்ததும் கிளார்க் பதிவேட்டின் மேல் கையை வைத்தாள். "அக்கா, வேண்டாம். எழுதிட்டா வேலை போயிடும். யாரும் கேக்கல, யாருக்கும் எதுவும் ஆகல. தண்ணியும் நல்லா ஆயிடுச்சு. அப்புறம் எதுக்கு?"

"அந்தத் தண்ணிய நீ பாத்தியா?"

"ஃபோட்டோல பாத்தேன்."

"ஃபோட்டோ நாறாது" என்றாள் சாவியக்கா.

கிளார்க் மெல்லக் கையை எடுத்தாள். தன் பேனாவை நீட்டினாள். அதன் பின்முனையில் பல் பட்ட தடம் இருந்தது. சாவியக்கா வேண்டாம் என்று தலையசைத்துத் தன் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். பழைய இரண்டு வார்த்தைகளை ஒரே கோட்டில் அடித்தாள், அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் எழுதினாள்: "காலி செய்யவில்லை. பொய் எழுதியது நான்." தேதி போட்டு, முழுக் கையெழுத்துப் போட்டு, சாவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கைகழுவப் போனாள்.